சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அறிவியல்: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு வளைகாப்பில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் என் மகள் போய் நின்று, "குங்குமமே போடலையே பெரியம்மா, எப்படிச் சிவப்பாச்சு?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. "சுண்ணாம்பு போட்டா சிவக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அடுத்த வேலைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் டப்பாவையும் வெற்றிலைச் சுண்ணாம்பையும் எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் அறிவியல் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறோம். பெரியவளுக்கு இப்போது ஏழு, சின்னவனுக்கு நாலரை. அந்த வளைகாப்புக்கு முன்னால் நல்ல விலை கொடுத்து ஒரு அறிவியல் விளையாட்டுப் பெட்டி வாங்கியிருந்தேன், அது இரண்டே வாரத்தில் அலமாரிக்கு மேலே போய்விட்டது, ஏனென்றால் அதில் என்ன நடக்கும் என்பது அட்டையிலேயே படமாகப் போட்டிருந்தது. பிள்ளைகளுக்குக் கண்டுபிடிக்க அதில் எதுவும் மிச்சமில்லை. கீழே எழுதியிருப்பது எல்லாம் நாங்கள் செய்து பார்த்தவை, 4 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒத்துவரும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமையும் செய்யலாம்.

தொடங்கும் முன் ஒரு பழக்கம்

செய்கிற சோதனை எதுவாக இருந்தாலும், பொருளில் கை வைப்பதற்கு முன்னால் "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்டு, பிள்ளை சொல்கிற பதிலை அப்படியே நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை என்றால் நீங்கள் எழுதுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், முகத்தைக்கூட மாற்றாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும், இதை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல சோதனையும் வித்தை காட்டுவதாகப் போய்விடும். தான் சொன்னது நடக்குமா நடக்காதா என்று பார்க்கிற பிள்ளையின் கண்ணும் சும்மா வேடிக்கை பார்க்கிற பிள்ளையின் கண்ணும் வேறு வேறு, செய்து பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்து டம்ளரிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சாயம், போடுகிற பொருள் மட்டும் வேறு. "எல்லாம் ஒரே மாதிரி, இது மட்டும் வேற" என்று நாலு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் நன்றாகவே புரிகிறது. காரணம் சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாக்கியம் போதும். அன்றைக்குச் சொல்லாமல் மறுநாள் சொன்னாலும் தப்பில்லை.

நேரம்: நாலு வயதுக்கு 15 நிமிடம், ஏழு வயதுக்கு அரை மணி. நீங்களாக இழுக்க வேண்டாம், அவர்கள் இழுத்தால் விடுங்கள்.

ஒரு பழைய ஷூ பெட்டியில் இதெல்லாம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, டிஜிட்டல் வெப்பமானி (பாதரசம் உள்ளது வேண்டவே வேண்டாம், உடைந்தால் ஆபத்து), காலியான சொட்டு மருந்துக் குப்பி இரண்டு, நூல், அளவுகோல், கண்ணாடி டம்ளர்கள், வெள்ளைத் தாள். சமையல் சோடா, வினிகர், எலுமிச்சை, மஞ்சள் எல்லாம் சமையலறையில் இருப்பவைதான். பெட்டி பிள்ளைகளுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சுண்ணாம்பு, வினிகர், அயோடின் மூன்றும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

மஞ்சளும் சங்குப்பூவும்

முதல் நாளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

1. இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி நிழலில் காய விடுங்கள். காய்ந்ததும் விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள்.

2. சின்னச் சின்னக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர், சமையல் சோடா கரைத்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், வெறும் தண்ணீர், மோர் என்று எடுத்து வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு மிளகு அளவு எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் நீங்களே கரைத்துத் தெளிய வையுங்கள். அது கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், அந்தச் சொட்டை மட்டும் நீங்கள் விடுங்கள்.

3. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேள்வி. மாறுமா மாறாதா? எழுதியபின் ஒரு சொட்டு.

சோப்பு, சோடா, சுண்ணாம்பு மூன்றிலும் மஞ்சள் சிவக்கும். மற்றதில் சிவக்காது. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும், பிள்ளைகள் கூச்சல் போடுகிற இடம் இதுதான், மாற்றி மாற்றிப் பத்து முறை செய்வார்கள், விடுங்கள்.

அடுத்த நாள் சங்குப்பூ. வேலியில் படர்ந்திருக்கிற நீலப் பூ, பத்துப் பன்னிரண்டு பறித்து வந்து அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் மை மாதிரி நீலம் இறங்கிவிடும். அதே கிண்ணங்கள்தான். எலுமிச்சை விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும், சோடாவில் நீலப்பச்சை, சுண்ணாம்புத் தெளிவில் நல்ல பச்சை. மஞ்சள் இரண்டு நிறம்தான் காட்டும், புளிப்பையும் வெறும் தண்ணீரையும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சங்குப்பூவுக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பெரியவள் தானாகக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று, நான் காத்திருந்தேன், காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இங்கே தமிழில் ஒரு சிக்கல் உண்டு. சோடா, சுண்ணாம்பு வகைக்குப் பாடப்புத்தகத்தில் காரம் என்று பெயர், வீட்டில் காரம் என்றால் மிளகாய். "அப்ப மிளகாய்த் தண்ணி ஊத்தினாலும் பச்சையாகுமா?" என்று மகள் கேட்டாள். அற்புதமான கேள்வி! பச்சை மிளகாயை நான் இடித்துத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன் (பிள்ளை கையால் இடிக்க விட வேண்டாம்), பச்சையாகவில்லை. நாக்கில் எரிகிற காரம் வேறு, இந்தக் காரம் வேறு என்பதை இனி அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எந்தத் தண்ணீரில் நுரை வரும்?

சேலத்தில் பாதி வீடுகளில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஒரு குழாயிலும், போர் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குளிக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். அதை அளந்து பார்க்கலாம்.

ஒரே மாதிரி சின்ன பாட்டில்கள் நாலு எடுங்கள். போர் தண்ணீர், காவிரித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர் நாலையும் பாதி பாதி ஊற்றுங்கள். குளியல் சோப்பைச் சீவி, வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துச் சொட்டுக் குப்பியில் அடைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பூவோ பாத்திரம் கழுவுகிற திரவமோ போட்டால் சோதனை கெட்டுவிடும், அவை உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. ஒவ்வொரு பாட்டிலிலும் 5 சொட்டு, மூடி, 20 தடவை குலுக்கல். நுரை ஒரு நிமிடம் நிற்கவில்லை என்றால் இன்னும் 5 சொட்டு. எத்தனை சொட்டில் நின்றது என்று பிள்ளை கோடு போட்டு எண்ணட்டும்.

மழைத் தண்ணீரில் சட்டென்று நுரை நிற்கும். போர் தண்ணீரில் சொட்டு போய்க்கொண்டே இருக்கும், மேலே வெள்ளையாகத் தயிர் மாதிரி திரிந்து மிதக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் அப்படி. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் படிவும் பெரும்பாலும் அதே கால்சியம்தான், கொஞ்சம் வினிகர் விட்டால் குமிழ் விட்டுக் கரையும்.

அப்படியே முட்டை ஓட்டையும் வினிகரில் போட்டுவிடுங்கள், உடனே குமிழ் வரும், ஒரு முழு முட்டையை ஒரு நாள் முழுக்க ஊற வைத்தால் ஓடு போய் ரப்பர் பந்து மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கல் துண்டையும் போடுங்கள். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் மண்ணில் கிடக்கிற கல்தான், ஆனால் குழி வெட்டின இடத்துக்குள் போகாதீர்கள், சாலையோரத்தில் கிடப்பது போதும். ஆங்கிலேயர்கள் அந்தக் குன்றுகளுக்கு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அங்கே இருப்பது சாக் இல்லை, மாக்னசைட், இரும்பு உருக்குகிற உலைகளுக்கு உள்பூச்சாகப் போகிற கல். முட்டை ஓடு பொங்கிக்கொண்டிருக்க வெள்ளைக்கல் சும்மா கிடந்தது. "இது பொய்க் கல்லு" என்றான் சின்னவன். பொடி செய்து வெதுவெதுப்பான வினிகரில் போட்டபிறகு ஒன்றிரண்டு குமிழ் மெதுவாகக் கிளம்பிற்று. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி

ஆத்தூர்ப் பக்கம் போகிறபோது சேகோ ஆலைகளின் வாசனையை மூக்கே சொல்லிவிடும். சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் 1981-ல் சேலத்தில் தொடங்கியது, ஜவ்வரிசி வியாபாரத்துக்கு இந்த ஊர்தான் மையம். ஆனால் ஜவ்வரிசி ஏதோ ஒரு செடியில் காய்க்கிற விதை என்று நினைக்கிற பெரியவர்களையே நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சை மரவள்ளியில் சயனைடை வெளிவிடுகிற பொருள் இருக்கிறது. செய்கிறபோது யாரும் வாயில் வைக்கக் கூடாது, பிழிந்த தண்ணீரை ஆடு, மாடு, கோழி குடிக்கிற இடத்தில் ஊற்றக் கூடாது, முடிந்ததும் கை கழுவ வேண்டும். செய்த மாவையும் சாப்பிட வேண்டாம், சமையலுக்குக் கடை ஜவ்வரிசி இருக்கட்டும்.

1. ஒரு கிலோ கிழங்கை நீங்கள் தோல் சீவி (வெளியே பழுப்புத் தோல், உள்ளே தடித்த இன்னொரு தோல், இரண்டும் போக வேண்டும்), கழுவி, துருவிக் கொடுங்கள்.

2. துருவலில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைகள் பிசையட்டும். வெள்ளை வேட்டித் துணியில் கட்டி ஒரு பெரிய பாத்திரத்துக்குள் பிழியுங்கள். பால் மாதிரி இறங்கும். திரும்பத் தண்ணீர், திரும்பப் பிழிதல், பால் தெளிகிற வரை.

3. பாத்திரத்தை ஆடாமல் இரண்டு மணி நேரம் வையுங்கள். "பால் அப்படியே இருக்குமா, மாறுமா?" என்று கேட்டு எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வரும்போது மேலே கலங்கல் தண்ணீர், அடியில் கெட்டியான வெள்ளை மாவு.

4. மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டு அடி மாவில் விரல் வைக்கச் சொல்லுங்கள். குத்தினால் கல் மாதிரி இருக்கும், மெதுவாக விரலை அழுத்தினால் உள்ளே போகும், அள்ளிக் கையில் வைத்தால் ஒழுகும். என் பிள்ளைகள் இந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டார்கள். வேகமாக அழுத்தினால் மாவுத் துகள்கள் நடுவிலிருக்கும் தண்ணீர் நகர நேரமில்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, மெதுவாக அழுத்தினால் வழுக்கி விலகுகின்றன.

5. மாவை ஒரு துணியில் பரப்பி ஈரம் பாதி போகிற வரை காய விடுங்கள். கையால் உதிர்த்து, துணியின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொருவராகப் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது மாதிரி ஆட்டுங்கள். உதிர்ந்த மாவு உருண்டு உருண்டு மணியாகத் திரளும். ஆலையிலும் ஈர மாவைக் குலுக்கித்தான் மணியாக்குகிறார்கள். எங்களுக்கு முதல் தடவை மாவு ரொம்ப ஈரமாக இருந்து கட்டி கட்டியாகிவிட்டது, இரண்டாம் தடவை ரொம்பக் காய்ந்து தூளாகவே நின்றது. மூன்றாவதில் வந்தது. கையில் பிடித்தால் பிடியாகி, தட்டினால் உதிர வேண்டும், புட்டு மாவுப் பதம்.

6. மணிகளை எண்ணெய் தடவின தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் நீங்கள் வறுத்து, வெயிலில் காய வையுங்கள்.

ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ மாவுகூடத் தேறவில்லை. மீதி எங்கே போயிற்று என்று கேட்டேன். "தண்ணி" என்றாள், "சக்கை" என்றான். இரண்டு பேரும் சரி.

மறுநாள் இதே மாவில் அயோடின் சோதனை செய்யலாம். மருந்துக்கடை பீட்டாடைனைத் தண்ணீரில் கலந்து டீ நிறத்துக்கு நீர்க்கச் செய்து, ஒரு சொட்டு விட்டால் மாவு கருநீலமாகும். பிறகு சோறு, உருளைக்கிழங்கு, வாழைக்காய், வெள்ளரிக்காய், பருப்பு, சர்க்கரை, உப்பு என்று வீட்டில் இருப்பதையெல்லாம் வரிசையாக வைத்து, எதில் மாவுச்சத்து இருக்கும் என்று முதலில் பந்தயம். வாழைக்காயையும் நன்கு பழுத்த பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தவறாதீர்கள், காய் நன்றாகக் கறுக்கும், பழம் அவ்வளவு கறுக்காது, மாவுதான் சர்க்கரையாக மாறிவிட்டதே. சொட்டு விட்டதை எல்லாம் குப்பையில் போட்டுவிடுங்கள். அயோடின் துணியில் பட்டால் கறை, பழைய சட்டை போட்டு விடுங்கள். யாருக்காவது தைராய்டு தொந்தரவோ அயோடின் ஒவ்வாமையோ இருந்தால் அவர்கள் கையில் படாமல் செய்யுங்கள்.

காந்தமும் கஞ்சமலையும்

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு மணலில் இழுங்கள். பைக்கு வெளியே கறுப்புத் தூள் மயிர் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும், ஒரு தாளுக்கு மேலே வைத்துக் காந்தத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்தால் தூள் தாளில் விழுந்துவிடும். பையில்லாமல் நேராக இழுத்தால் காந்தத்திலிருந்து அந்தத் தூளைப் பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள். தெரு மணலிலேயே கொஞ்சம் வரும். கஞ்சமலை அடிவாரத்து ஓடை மணலில் நிறைய வரும், அந்த மலையில் இருப்பது மாக்னடைட் என்கிற இரும்புத்தாது, காந்தம் இழுக்கிற தாது. சித்தர் கோயிலுக்குப் போகிற நாளில் ஒரு கைப்பிடி மணல் எடுத்து வந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் பாத்திர அலமாரி. "எவர்சில்வர் எல்லாம் ஒட்டுமா?" ஒட்டும் என்றுதான் எல்லாப் பிள்ளையும் சொல்லும். சில டம்ளர் ஒட்டும், சில ஒட்டாது. நிக்கல் போதுமான அளவு சேர்த்த எவர்சில்வரைக் காந்தம் அவ்வளவாக இழுப்பதில்லை. சேலம் உருக்காலை இருப்பதும் அதே கஞ்சமலை அடியில்தான், அங்கே செய்வது எவர்சில்வர். மண்ணில் இருக்கிற இரும்பைக் காந்தம் பிடிக்கிறது, அதே இரும்பு கலந்து செய்த டம்ளரைப் பிடிக்கவில்லை, ஏன் என்று பிள்ளை கேட்டால், கூட என்ன கலக்கிறோம் என்பதைப் பொறுத்து இரும்பின் குணம் மாறும் என்று மட்டும் சொல்லுங்கள். மீதி பத்து வருடம் கழித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கறுத்த கொலுசு

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் நிறைய, சேலத்தில் பெண் குழந்தை உள்ள வீட்டில் கறுத்துப்போன வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடியாவது கிடக்கும். கல் பதித்தது, மீனா வேலை செய்தது, அழகுக்காகவே கறுப்பேற்றியது இதெல்லாம் வேண்டாம், சாதா வெள்ளி மட்டும்.

முதலில் கறுக்க வைப்போம். பழைய வெள்ளி மிஞ்சி ஒன்றைக் கழுவித் துடைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை நசுக்கிப் போட்ட மூடி டப்பாவுக்குள், முட்டை மேலே படாமல் ஒரு நாள் வையுங்கள். தொடாமலே கறுத்திருக்கும். முட்டையிலிருந்து கிளம்புகிற கந்தகம் கலந்த வாயு வெள்ளியோடு சேர்ந்துகொள்கிறது.

இப்போது வெளுக்க வைக்க: கண்ணாடிக் கிண்ணத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரித்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, ஒரு ஸ்பூன் உப்பு போட்டு, மிஞ்சியையும் கொலுசில் ஒன்றையும் தாளைத் தொடுகிற மாதிரி வையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் எல்லாம் அதேபோல, அலுமினியத் தாள் மட்டும் இல்லை, அதில் மற்றக் கொலுசு. கொதிக்கிற தண்ணீரை இரண்டிலும் நீங்கள் ஊற்றுங்கள், பிள்ளைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். அழுகின முட்டை வாசனை லேசாக வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில நிமிடத்தில் தாள் உள்ள கிண்ணத்தில் கறுப்பு விலகிவிடும், மற்றதில் அப்படியே இருக்கும். வெள்ளி பிடித்து வைத்திருந்த கந்தகம் அலுமினியத்தின் பக்கம் போய்விடுகிறது. தேய்த்துத் துலக்கினால் வெள்ளியே கொஞ்சம் தேயும், இதில் கறுத்த வெள்ளி திரும்ப வெள்ளியாகவே ஆகிறது.

ஏற்காட்டுக்கு ஒரு நாள்

ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் 1200 மீட்டர் உயரம் ஏறிவிடலாம், சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. இப்படி ஒரு வசதி எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? சும்மா படகு சவாரி மட்டும் செய்துவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

அடிவாரத்தில் வண்டியை நிழலில் நிறுத்தி வெப்பநிலையை எழுதுங்கள். காற்றடைத்த ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிள்ளை கையில் அழுத்திப் பார்க்கட்டும். பிறகு ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிள்ளைகளே எண்ணட்டும், ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது தாண்டி நிறுத்த இடமிருக்கிற இடத்தில் இறங்கி வெப்பநிலையை எழுதுங்கள். வளைவில் நிறுத்தவே கூடாது, ஏறுகிற வண்டிக்கு வழி விடவும் வேண்டும். வெப்பமானியை வண்டிக்குள் வைத்துப் பார்த்தால் தப்பான எண் வரும், வெளியே நிழலில் இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் வண்டிக்குள்ளேயே பார்த்துவிட்டு, மலை ஏற ஏறச் சூடு கூடுகிறது என்று எழுதி வைத்திருந்தோம்!

மேலே போனதும் சிப்ஸ் பாக்கெட் உப்பியிருக்கும். காது அடைத்திருக்கும், கொட்டாவி விட்டால் திறக்கும். இரண்டும் ஒரே காரணம்தான், வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது. வெப்பநிலை 7, 8 டிகிரி குறைவாக இருக்கும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு, மேகம், மழை, நேரம் பார்த்துக் கொஞ்சம் மாறும்.

அப்புறம் முக்கியமானது. மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, ஏரிக்கரையில் நிழலில் வைத்து மூடியை இறுக்கி மூடுங்கள். "ஏற்காட்டுக் காத்தைப் பிடிச்சிட்டுப் போறோம்" என்று சொன்னால் சின்னவர்கள் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்வார்கள். கீழே வருகிறபோது யாரும் தொடாமலே பாட்டில் நெளிந்து உள்ளே போகும். பெரிய பிள்ளையாக இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: கீழே சூடு அதிகம், சூடானால் காற்று விரியுமே, அப்படியானால் பாட்டில் உப்பத்தானே வேண்டும்? சூட்டினால் கொஞ்சம் விரியத்தான் செய்கிறது, ஆனால் வெளிக்காற்று அழுத்துவது அதைவிட அதிகம், இரண்டும் சேர்ந்து உள்ளிருக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. அடிவாரத்தில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

மேலே தங்குகிற வீட்டில் சமையலறை இருந்தால் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலையைச் சமையல் வெப்பமானி வைத்து நீங்கள் அளந்து சொல்லுங்கள், ஊரில் 99 டிகிரி பக்கம், அங்கே 95 பக்கம். காட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். திரும்புகிற வழியில் செம்மண்ணைக் காட்டுங்கள். சேர்வராயன் மலை உச்சிப் பக்கத்தில் பாக்சைட் தாது உண்டு, அதை வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் செய்த காலம் உண்டு, கொலுசை வெளுத்த தாளும் இந்த மாதிரி மண்ணிலிருந்து வந்ததுதான் என்று சொன்னபோது மகள் ஒரு கட்டியை எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மேட்டூர் அணையும் மூன்று ஓட்டையும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எளிது. 2 லிட்டர் பாட்டிலில் மேலே, நடுவில், கீழே ஒரே அளவில் மூன்று ஓட்டை, டேப் ஒட்டித் தண்ணீர் நிரப்பி, டேப்பை ஒரே இழுப்பில் எடுங்கள். கீழ் ஓட்டைத் தண்ணீர்தான் வேகமாக வரும். பாட்டிலை ஸ்டூல் மேலே வையுங்கள், தரையில் வைத்தால் கீழ் ஓட்டைத் தண்ணீர் தூரம் போவதற்குள் தரையைத் தொட்டுவிடும், நடுத் தண்ணீர்தான் தூரம் போனதாகத் தெரியும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், அணைகளின் சுவர் அடியில் தடித்து இருப்பது அதனால்தான்.

1934-ல் திறந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தினமும் செய்தித்தாளில் அன்றைய மட்டம் வரும். கட்டம் போட்ட தாளில் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி, மூன்று மாதம். வழக்கமாக ஜூன் 12-ல் டெல்டா பாசனத்துக்குத் திறப்பார்கள், அதற்கு முன்பிருந்து ஆரம்பித்தால் கோடு எப்போது இறங்குகிறது, குடகில் மழை பெய்தால் எத்தனை நாளில் ஏறுகிறது என்று பிள்ளையே சொல்லும்.

நிழல் இல்லாத நாள்

சேலத்தில் வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 20, 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21, 22 வாக்கிலும், மத்தியானம் 12:15-லிருந்து 12:20-க்குள். நேராக நிற்கிற எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது.

மொட்டை மாடியில் சமமான இடத்தில் ஒரு டம்ளரையும் ஒரு பேட்டரியையும் நிறுத்தி, 11:30-க்கே தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் குட்டையாகிக்கொண்டே வந்து பொருளின் அடிக்குள் ஒளிந்துகொள்ளும், அப்புறம் எதிர்ப் பக்கம் எட்டிப் பார்க்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், தரையை மட்டும் பார்த்தால் போதும். ஏப்ரல் வெயில் தாங்காது, செருப்பும் தொப்பியும் மோரும் வேண்டும். மேகமாக இருந்தால் ஒரு நாள் முன்னே பின்னே செய்தாலும் நிழல் ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும்.

அந்தக் குறிகளை அழிக்காமல் பெயிண்டால் தொட்டு வைத்துவிட்டு, டிசம்பர் 22 வாக்கில் அதே நேரத்தில் அதே டம்ளரை அதே இடத்தில் வையுங்கள். நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழும் என்று ஏப்ரலிலேயே பிள்ளையிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் சின்னவன் "நிழல் குளிருக்குப் போர்வைக்குள்ள போயிடும்" என்று சொன்னது எழுதியிருக்கிறது, டிசம்பருக்காகக் காத்திருக்கிறோம்.